பெரிய கேத்தலில் பிடித்த கல்

நான் படிப்பித்துக்கொண்டிருந்த பெண்கள் பள்ளிக்கூடத்தின் கட்டடத்தை இரண்டாம் உலக யுத்த காலத்தில் பட்டாளம் எடுத்துக்கொண்டது. வகுப்புகளை மலைநாட்டில் ஓர் ஊருக்கு மாற்றினார்கள். என்னையும் வரும்படி கேட்டார்கள். நான் போகவில்லை. கொழும்பில் குண்டு விழுந்த கையோடு அப்பாவும் அம்மாவும் யாழ்ப்பாணத்துக்கு ரயிலேறிவிட்டார்கள். அக்காவைக் கட்டிய அத்தானுக்குத் துறைமுகத்தில் வேலை. அவரால் ஊரைவிட்டு அசைய முடியாது. அவர் அசையாவிட்டால் அக்கா அசையமாட்டாள். அக்காவை விட்டுவிட்டு நான் எங்கே போவது? வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இருந்த சின்ன வீட்டில் மூன்று பேரும் ஒட்டிக்கொண்டிருந்தோம். பாதி ஒழுங்கை காலியாகிக் கிடந்தது. பூட்டிய வீடுகளின் முற்றங்களில் நாய்கள் மட்டும் படுத்திருந்தன.

வேலையில்லாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. ரசாயனம் படித்துப் பட்டம் வாங்கியவள் காலையும் மாலையும் வீடு கூட்டிக்கொண்டு திரிந்தால் அக்காவுக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? அவள்தான் அத்தானிடம் முறையிட்டிருக்க வேண்டும். ஒருநாள் சாப்பிடும்போது அத்தான் பேச்சை எடுத்தார்.

"கொட்டாஞ்சேனைக்கு அங்கால, ஆத்தங்கரையில, ஒரு ஹாஜியார் காட்போட் மட்டை செய்யிற ஆலை நடத்துறார். கெமிஸ்ட்ரி தெரிஞ்ச ஆள் ஒண்டு அவசரமா வேணுமாம். போய்ப் பாக்கிறியோ?"

"ஆம்பிளை ஆளையெல்லோ கேட்டிருப்பார்?" என்றாள் அக்கா.

"ஆள் எண்டுதான் கேட்டவர். நானும் ஆள் இருக்கு எண்டு சொல்லிப்போட்டன்" என்று அத்தான் ரசத்தை ஊற்றிக்கொண்டார்.

மறுநாள் கோட்டை வரை ரயிலிலும் அதன்பிறகு ட்ராமிலும் போய், கடைசித் தரிப்பில் இறங்கி ஆற்றுப் பக்கம் நடந்தேன். ஆலையை விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. வைக்கோல் வேகும் மணம் வழி காட்டியது. மாட்டுத் தொழுவமும் சுண்ணாம்புச் சூளையும் ஒன்றாகச் சேர்ந்தது போன்ற மணம் அது.

முதலாளி வாசலுக்கே வந்தார். வெள்ளைச் சாரமும் வெள்ளைத் தொப்பியுமாக, நல்ல பருத்த மனிதர். என்னைப் பார்த்துவிட்டு எனக்குப் பின்னால் தெருவைப் பார்த்தார்.

"மாஸ்டர் பின்னால வாறாரா?"

"மாஸ்டர் ஒருத்தரும் இல்லை. நான்தான் வந்தனான்."

அவர் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். உள்ளே திரும்பி நாற்காலி கொண்டுவரச் சொன்னார். வந்த நாற்காலியில் தூசி இருந்தது. வேறொன்று கொண்டுவரச் சொன்னார். நான் உட்கார்ந்த பிறகுதான் வாய் திறந்தார்.

"மகள், இது சேறும் புகையும் ஈக்கிற எடம். நாத்தம் வேற. ஒங்களுக்குச் சரிப்பட்டு வருமா?"

"பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில அழுகின முட்டை மணக்க மணக்க நிண்டனான். இது பரவாயில்லை."

அவர் சிரித்தார். வயிறு குலுங்கிய சிரிப்பு. "அப்ப சரி. ஒரு விஷயம். பகல் சாப்பாடு எங்கட வீட்டுல இருந்து வரும். வேணாம்னு சொல்லப்படாது."

அப்படித்தான் நான் வேலைக்குச் சேர்ந்தேன். சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்ன சொல் தவறவில்லை. வெள்ளிக்கிழமையில் நான் மரக்கறிதான் சாப்பிடுவேன் என்று யார் சொன்னார்களோ தெரியாது. வெள்ளிதோறும் அவருடைய மனைவியிடமிருந்து வந்த கிண்ணத்தில் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் இருந்தன. அந்தக் கிண்ணமும் மற்ற நாட்களில் வரும் கிண்ணமல்ல, புதிது.

அந்த ஆலை முன்பு தேங்காயெண்ணெய் ஆட்டிய கொட்டகை. கப்பலில் தாளும் மட்டையும் வருவது நின்றுபோனதும் கடைக்காரர்கள் சவர்க்காரம் அடுக்கவும் சப்பாத்து வைக்கவும் பெட்டியில்லாமல் தவித்தார்கள். அதைப் பார்த்துத்தான் முதலாளி இதில் இறங்கினார். பெண்கள் வைக்கோலை நறுக்குவார்கள். நறுக்கியதைச் சுண்ணாம்பு நீரோடு ஒரு பெரிய இரும்புக் கலத்தில் போட்டு வேகவைப்பார்கள். கலத்துக்குள்ளே சுருள் சுருளாக இரும்புக் குழாய் ஓடும். அதற்குள் நீராவி போகும். வெந்த கூழை அலசி, அரைத்து, சல்லடைச் சட்டத்தில் அள்ளி, அழுத்தி, முற்றத்தில் வெயிலில் காயப்போடுவார்கள். வைக்கோல் நிறத்தில் மட்டை தயார். அந்தக் கலத்தை ஆலையில் எல்லோரும் கேத்தல் என்றுதான் சொன்னார்கள். ஓர் ஆள் உள்ளே நிமிர்ந்து நிற்கக்கூடிய கேத்தல்.

வீட்டில் தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலில் கல் பிடிப்பதுபோல அதிலும் கல் பிடித்தது. ஆனால் அது வேறு மாதிரிக் கல். சுண்ணாம்போடு வைக்கோலில் இயற்கையாக உள்ள மணற்சத்தும் சேர்ந்து, குழாய்களின் மேல் கண்ணாடிபோல இறுகிக்கொள்ளும். கல் தடித்தால் சூடு ஏறாது. சூடு ஏறாவிட்டால் விறகு போதாது. போதாக்குறைக்குக் கல் பொரிந்து கூழில் விழுந்து மட்டையோடு மட்டையாகக் காயும். புறக்கோட்டையில் பெட்டி செய்கிற ஒருவர், தன் கத்தியின் வாய் போய்விட்டதென்று மட்டையையும் கத்தியையும் ஒன்றாகக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் வைத்துவிட்டுப் போனாராம்.

"முன்ன இங்கிலாந்துல இருந்து ஒரு மருந்து வந்திச்சி" என்று முதலாளி ஒரு தகரத்தை என் முன்னால் வைத்தார். "ஒவ்வொரு வேக்காட்டுக்கும் ரெண்டு கரண்டி போட்டா கல்லு இறுகாது. இப்ப கப்பலும் இல்ல, மருந்தும் இல்ல. நீங்க அதச் செஞ்சி தந்தாப் போதும்."

தகரத்தின் மூலையில் பழுப்பு நிறத்தில் கொஞ்சம் தூள் ஒட்டியிருந்தது. விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். முதலாளி பதறிப்போனார். முதலில் சவர்க்காரம் மாதிரி வழுக்கியது. பிறகு பச்சைப் பாக்கு கடித்ததுபோல நாக்கு இழுத்துப் பிடித்தது. சலவைச் சோடாவும் ஏதோ ஒரு துவர்ப்பும். அவ்வளவு சீக்கிரம் பிடிபட்டதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட வந்தது.

மருந்து தீர்ந்த பிறகு அந்தக் கல்லோடு மல்லுக்கட்டியவர் எஞ்சின்காரர். ஹட்டன் பக்கத்தில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எஞ்சின் பார்த்துவிட்டுக் கொழும்புக்கு வந்தவர். அடுப்பும் நீராவியும் கேத்தலும் அவர் பொறுப்பு. கேத்தலின் பக்கவாட்டில் நெஞ்சுயரத்தில் ஒரு வாய் இருந்தது. கல் தடித்துவிட்டால் அதன் வழியாக உள்ளே நுழைந்து உளியும் சுத்தியலுமாக உடைப்பார். இரும்புக்குள் இருந்து இரும்பில் அடித்தடித்து அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. தனக்குக் கேட்காதது எல்லோருக்கும் கேட்காது என்பதுபோல உரத்த குரலில்தான் கதைப்பார்.

"டீச்சரம்மா! தேத்தண்ணி குடிச்சீங்களா?" என்று அவர் கேட்டால் ஆற்றைக் கடக்கும் வள்ளத்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

நான் சேர்ந்து அதிகநாள் ஆகவில்லை. ஒருநாள் காலை அவர் கேத்தலுக்குள் இருந்தார். சரியாக ஆறுவதற்கு முன்பே இறங்கிவிட்டார் என்பது பிறகுதான் தெரிந்தது. மட்டை கேட்டு இரண்டு லொறி வாசலில் நின்றது. அதுதான் அவருக்கு அவசரம். நான் முதலாளியோடு சுண்ணாம்பைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தேன். உள்ளேயிருந்து டங் டங்கென்று சத்தம் வந்துகொண்டிருந்தது. திடீரென்று முதலாளி கையை உயர்த்தினார்.

"சத்தம் நிண்டுட்டு."

அவர் அப்படி ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. கேத்தல் வாயில் தலையை விட்டுப் பார்த்தவர், அப்படியே தோள்வரை உள்ளே போனார், பிறகு வயிறுவரை. அதற்குமேல் போகவுமில்லை, வரவுமில்லை. உள்ளே இருந்து அவர் குரல் எதிரொலித்தது.

"ஆளப் புடிச்சிட்டன்! இழுங்க! என்னை இழுங்க!"

வைக்கோல் வெட்டும் பெண்கள் அரிவாளைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். முதலாளியை எங்கே பிடிப்பது என்று ஒரு கணம் எல்லோரும் தயங்கினோம். பிறகு நான் அவருடைய இடுப்புப் பட்டியைப் பிடித்தேன். மற்றவர்கள் என்னைப் பிடித்தார்கள். சட்டை கிழிந்து, வயிற்றில் தோல் உரிந்து அவர் வெளியே வந்தார். அவருடைய இரண்டு கைகளிலும் எஞ்சின்காரரின் மணிக்கட்டுகள் இருந்தன.

எஞ்சின்காரரின் முகம் முழுக்க வெள்ளைத் தூள். தண்ணீர் தெளித்து வைக்கோல் குவியலில் கிடத்தி விசிறினோம். கண் விழித்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை:

"கல்லு இன்னும் பாதி இருக்குதுங்க மொதலாளி!"

முதலாளி அவர் பக்கத்தில் வைக்கோலிலேயே சரிந்து உட்கார்ந்து அழத் தொடங்கிவிட்டார். "கல்லு கெடக்கட்டும்! கல்லா பெரிசி? ஒண்ட பொஞ்சாதிக்கு நான் என்னத்தச் சொல்ற?" என்று அழுகையினூடே திட்டினார். எஞ்சின்காரருக்கு அது எவ்வளவு கேட்டதோ தெரியாது. முதலாளியின் கிழிந்த சட்டையைப் பார்த்து, "ஐயோ, நல்ல சட்டைங்க" என்றார்.

அன்று பின்னேரம் முதலாளி என்னிடம் வந்தார். வயிற்றில் மஞ்சள் பூசியிருந்ததை வேறு சட்டை மறைத்திருந்தது.

"டீச்சர், இனி ஒரு மனுசனும் அதுக்குள்ள எறங்கப்படாது. நீங்க மருந்து செஞ்சா நடத்துவன். இல்லாட்டி மூடிருவன்."

கல்லில் ஒரு துண்டைக் கைலேஞ்சியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். அக்கா சமையலுக்கு வைத்திருந்த வினாகிரியை ஊற்றிப் பார்த்தேன். மேற்பகுதி நுரைத்துக் கரைந்தது. உள்ளே கண்ணாடிபோல இருந்த படை அசையவில்லை. பிடித்த கல்லைக் கரைப்பது நடக்காத காரியம். பிடிக்காமல் பார்ப்பதுதான் வழி. அக்கா குசினி வாசலில் நின்று, "ஊறுகாய்க்கு வைச்ச வினாகிரியைக் கல்லுக்கு ஊத்துறாள், விசரி" என்று அத்தானுக்குக் கேட்கும்படி சொன்னாள்.

சோடா கொஞ்சம் கிடைத்தது. துவர்ப்புக்கு நான் தேயிலையைப் பிடித்தேன். அனுப்பக் கப்பலில்லாமல் கொழும்புக் களஞ்சியங்களில் தேயிலை தேங்கிக் கிடந்தது. குடிக்க உதவாத கழிவுத் தூளைச் சாக்குச் சாக்காக ஏற்றிவந்தார் முதலாளி. எஞ்சின்காரர் முதல் சாக்கை அவிழ்த்து ஒரு பிடி அள்ளி மணந்து பார்த்தார்.

"இத வைக்கோலுக்கா ஊத்தப் போறீங்க? கொழுந்து பறிச்ச பொம்பளைங்க பாத்தா அழுவாங்கம்மா!"

கடுஞ்சாயமாகக் காய்ச்சி வேக்காட்டில் சேர்த்தோம். கல்லின் மேல் எனக்கிருந்த கோபத்தில் சாயத்தைத் தாராளமாகவே ஊற்றச் சொன்னேன். சில வேக்காடுகளுக்குப் பிறகு கேத்தலின் வாயைத் திறந்து, விளக்கைக் கம்பியில் கட்டி உள்ளே நீட்டிப் பார்த்தோம். புதிதாகக் கல் இறுகவில்லை. மிச்சமிருந்த பழைய கல்லும் இளகிச் சில்லுச் சில்லாகக் கழன்று விழுந்திருந்தது. குழாய்களில் சேறுபோல ஏதோ படிந்திருந்தது. தண்ணீரை வீசி அடித்ததும் வழிந்து போய்விட்டது. எஞ்சின்காரர் கைதட்டினார். முதலாளி உடனே ஆள் அனுப்பி எல்லோருக்கும் பலூடா வாங்கிக் கொடுத்தார்.

அந்த நல்ல நேரத்தில்தான் முற்றத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள்.

"டீச்சர் அம்மா, மட்டை எல்லாம் ஒரு மாதிரிப் போகுது. வந்து பாருங்கோ."

காலையில் காயப்போட்ட மட்டைகள் தவிட்டு நிறத்தில் இருந்தன. நான் போனபோது ஓரங்கள் சாம்பல் பூத்திருந்தன. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே அது உள்நோக்கிப் பரவியது. மத்தியானம் ஆவதற்குள் முற்றம் முழுக்க மட்டைகள் அண்டங்காக்கை நிறத்தில் கிடந்தன.

எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிய வேகத்தில் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. துவர்ப்பும் இரும்பும் காற்றும் சேர்ந்தால் என்ன வரும் என்று நான் வகுப்பில் கரும்பலகையில் எழுதிப் படிப்பித்திருக்கிறேன். மை வரும். பழைய காலத்தில் எழுதுகிற மையை அப்படித்தான் செய்தார்கள். அந்த இரும்புக் கேத்தலில் நான் பல நாளாக மை காய்ச்சியிருக்கிறேன். இங்கிலாந்திலிருந்து வந்த மருந்தில் துவர்ப்பு ஒரு துளிதான் இருந்திருக்கும். நான் சாக்குக் கணக்கில் போட்டுவிட்டேன்.

முதலாளியிடம் இதைச் சொன்னேன். அவர் ஒரு மட்டையைத் தூக்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். சூரியனுக்கு நேரே பிடித்தார். முகத்தில் கோபமில்லை. ஏதோ யோசனை ஓடியது.

"டீச்சர், இதுக்குள்ளால வெளிச்சம் தெரியுதா?"

"இல்லை."

"ஒரு சொட்டும் தெரியல்ல, இல்லையா?"

"இல்லை."

"அப்ப நீங்க என்னத்துக்கு மூஞ்சத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க? கொழும்பெல்லாம் யன்னல மறைக்கக் கறுப்புத் துணி இல்லாம கெடக்குது!"

அது இருட்டடிப்புக் காலம். பொழுதுபட்ட பிறகு வீட்டு வெளிச்சம் தெருவில் தெரிந்தால் காவலுக்கு நிற்பவர் கதவைத் தட்டுவார். கறுப்புத் துணியின் விலை ஏறிப்போய்க் கிடைப்பதே அரிதாக இருந்தது. சிலர் யன்னலில் தார் பூசினார்கள். எங்கள் கறுத்த மட்டை புறக்கோட்டைக் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தை என்னால் இன்றும் நம்ப முடியவில்லை. புதுக்கடைப் பகுதியில் இருந்த வழக்கறிஞர்களின் கந்தோர்களுக்கும் வெள்ளவத்தையில் மிஞ்சியிருந்த வீடுகளுக்கும் வாங்கிப்போனார்கள். இதையே தொடர்ந்து செய்யும்படி முதலாளி சொன்னார். மருந்து வேலை செய்தது, கேத்தலுக்குள் ஒருவரும் இறங்கவில்லை, மட்டையும் விலைப்பட்டது. நான் ட்ராமில் சற்று நிமிர்ந்து உட்கார்ந்து வந்த நாட்கள் அவை.

அக்காகூட அசந்துவிட்டாள். முன் அறை யன்னல்களுக்கு வெளிப்பக்கமாக எங்கள் மட்டையை அளந்து வெட்டி அத்தான் அடித்தார். வருவோர் போவோரிடமெல்லாம் அக்கா, "என்ர தங்கச்சி செய்தது" என்று காட்டினாள்.

பிறகு மழை பிடித்தது.

தென்மேற்குப் பருவமழை கடலிலிருந்து நேராக எங்கள் ஒழுங்கைக்குள் அடிக்கும். காலையில் அக்கா போட்ட கூப்பாட்டில் நான் பாயிலிருந்து துள்ளி எழுந்தேன். யன்னல்களின் கீழே வெள்ளைச் சுவர் முழுக்கக் கறுப்பு வழிந்து கோடு கோடாக இறங்கியிருந்தது. மட்டைகள் ஊறி, அப்பளம்போல வளைந்து தொங்கின. எதிர்வீட்டிலும் அப்படித்தான். அதற்கடுத்த வீட்டிலும் அப்படித்தான். ஒழுங்கையே கண்மை கரைய அழுததுபோல நின்றது. அக்கா இடுப்பில் கைவைத்து என்னைப் பார்த்தாள்.

"இப்ப என்னெண்டடி வெளியில சொல்லுறது, தங்கச்சி செய்தது எண்டு?"

சொல்லி முடிக்க அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் சிரிக்கவா அழவா என்று நின்றேன். அத்தான் குடையோடு வெளியே வந்து சுவரைப் பார்த்தார். "நல்ல மைதான். அழியுதில்லை" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். அந்த ஞாயிறு மூன்று பேருமாகச் சேர்ந்து எங்கள் சுவருக்கும் எதிர்வீட்டுச் சுவருக்கும் சுண்ணாம்பு அடித்தோம்.

ஆலையில் முதலாளி மழையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து கடைக்காரர்கள் வந்து போயிருந்தார்கள். யாரையும் அவர் எதிர்த்துப் பேசவில்லை. திருப்பிக் கொண்டுவந்ததையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டார். என்னைக் கண்டதும் நாற்காலியைக் காட்டினார்.

"கறுப்புக் காலம் முடிஞ்சிது, டீச்சர். இனிப் பழைய நெறத்துல வேணும். ஆனா சொன்ன சொல் சொன்னதுதான். ஆள எறக்க மாட்டன்."

அன்று முழுவதும் நான் கேத்தலைச் சுற்றிச் சுற்றி நடந்தேன். துவர்ப்பு உதவாது. சோடா தீர்ந்துபோயிற்று. கல்லுக்குக் காரணம் நாங்கள் போடும் சுண்ணாம்புதான். சுண்ணாம்பில்லாமல் வைக்கோல் வேகாது. மழைக்கு ஒதுங்கி அடுப்பு வாசலில் நின்றபோது எஞ்சின்காரர் சாம்பலை வாரி வெளியே கொட்டிக்கொண்டிருந்தார். தென்னம்மட்டையும் சிரட்டையும் விறகும் எரிந்த சாம்பல். மழைநீர் அதற்குள் புகுந்து வழுவழுவென்று மஞ்சளாக ஓடி வந்தது. என் செருப்பு அதில் வழுக்கியது.

அந்த வழுக்கலில்தான் யோசனை வந்தது. சாம்பலில் உள்ள காரம் தண்ணீரில் இறங்கிவிடும். அந்தச் சாம்பல் தண்ணீரில் சுண்ணாம்பைக் கலக்கினால் காரம் கூர்மையாகி மேலே தெளியும். சுண்ணாம்பு கல்லாக மாறி அடியில் படியும். அந்த வேலையைக் கேத்தலுக்கு வெளியே, ஒரு சீமெந்துத் தொட்டியில் செய்துவிட்டால் என்ன? தெளிந்த நீரை மட்டும் கேத்தலுக்கு விடலாம். கல் படியத்தான் போகிறது. அது எங்கள் கை எட்டுகிற இடத்தில் படியட்டும்.

"ஒங்களுக்கு நிறையச் சாம்பல் வேணுமா?" என்று எஞ்சின்காரர் கத்திக் கேட்டார். "எவ்வளவு வேணும்?"

"எவ்வளவு ஏலுமோ அவ்வளவு!" என்று நானும் கத்தினேன்.

எண்ணெய் ஆலைகளிலும் பேக்கரிகளிலும் சொல்லிவைத்துச் சாம்பல் சேர்த்தோம். பேலியகொடைப் பக்கத்திலிருந்து மாட்டு வண்டியில்கூட வந்தது. முதலாளி தொட்டி கட்டுவித்தார். முதல் தடவை காரம் போதாமல் வைக்கோல் அரைவேக்காடாக நின்றது. அடுத்த தடவை கூடிப்போய், கூழ் அலசிய பெண்களின் கைகள் சிவந்தன. முதலாளி தேங்காயெண்ணெய்ப் போத்தலோடு ஒவ்வொருவரிடமும் போனார். அதன்பிறகு சாம்பல் தண்ணீரின் அடர்த்தியைப் பார்க்க நான் ஒரு கோழி முட்டையை மிதக்கவிட்டேன். முட்டை எவ்வளவு மேலே தெரிகிறதோ அதை வைத்து அளவு பிடிபட்டது. உடைந்த முட்டைகளை எஞ்சின்காரர் அடுப்பில் பொரித்தெடுப்பார்.

வழக்கமாகக் கல் உடைக்கும் காலம் வந்தது, தாண்டிப் போயிற்று. சூடு குறையவில்லை. கேத்தலை முழுதாக ஆறவிட்டுத் திறந்தோம். விளக்கை நீட்டிப் பார்த்தால் முன்பக்கக் குழாய்கள்தான் தெரிந்தன. பின்பக்கம் என்ன நிலையோ தெரியவில்லை.

"நான் பாத்துட்டு வாரேங்க" என்று எஞ்சின்காரர் சட்டையைக் கழற்றினார்.

"வேணாம்!" என்று முதலாளி கேத்தலின் வாயை மறித்து நின்றார். இருவரும் வாக்குவாதப்பட்டார்கள். ஒருவர் உரத்துக் கதைக்க, மற்றவர் அவருக்குக் கேட்க வேண்டுமென்று அதைவிட உரத்துக் கதைத்தார்.

நான் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினேன். "நான் இறங்குறன்."

இருவரும் சண்டையை விட்டு என் பக்கம் திரும்பினார்கள்.

"மகள், பொம்பளப் புள்ள நீங்க எப்பிடி அதுக்குள்ள..."

"நான் மெல்லிசு. வயித்தில தோல் உரியாது."

வைக்கோல் வெட்டும் பெண்கள் சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டார்கள். முதலாளியும் கடைசியில் சிரித்துவிட்டு விலகினார். ஆனாலும் என் இடுப்பில் கயிறு கட்டாமல் விடவில்லை. கயிற்றின் மறுமுனையை அவரும் எஞ்சின்காரரும் பிடித்துக்கொண்டார்கள்.

உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. கால் நிலத்தில் பட்டதும் விளக்கை உயர்த்தினேன். முதல் சுருள், அதற்குப் பின்னால் அடுத்தது, ஆகக் கடைசியாகச் சுவரோரம் ஓடுவது. கையால் தடவிக்கொண்டே போனேன். விரலில் மெல்லியதாக ஒரு படை வந்தது. திருநீறு பூசிய கனம்கூட இருக்காது. அதன் கீழே இரும்பு. முன்பு உளியால் உடைத்த தழும்புகள் அதில் தட்டுப்பட்டன. அத்தனை அடி அடித்திருக்கிறார் அந்த மனிதர். தழும்புகளை ஒவ்வொன்றாகத் தடவி எண்ணத் தொடங்கினேன்.

வெளியே கயிறு பதற்றமாக இழுபட்டது. "டீச்சர்! டீச்சர்! பேச்சுமூச்சக் காணமே!"

"கல்லு இல்லை!" என்று கூப்பிட்டேன். இரும்புக்குள் என் குரல் எனக்கே பயமாக இருந்தது. "ஒரு இடத்திலயும் கல்லு இல்லை!"

எஞ்சின்காரருக்குக்கூட அது கேட்டிருக்கிறது. நான் வெளியே வந்தபோது அவர் சுத்தியலையும் உளியையும் எடுத்துச் சாக்கில் சுற்றிக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்ததைப் புகைமேல் போட்டார். அடுப்பு அன்று எரியவேயில்லை.

துருவும் சேறும் பிடித்த சேலையோடு ட்ராமில் வந்தேன். அக்கா என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். "என்னடி கோலம் இது?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். திட்டு வரும் என்று காத்திருந்தேன். அவள் தண்ணீர் சுடவைத்து, என்னை உட்காரவைத்துத் தலை தோய்த்துவிட்டாள். முதுகில் தண்ணீரை ஊற்றும்போதெல்லாம், "கேத்தலுக்குள்ள இறங்கினாளாம்" என்று தனக்குள் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

யுத்தம் முடிந்ததும் கப்பல்கள் வந்தன. வெளிநாட்டு மட்டை வழவழவென்று வந்து குறைந்த விலைக்கு இறங்கியது. எங்கள் மட்டையைக் கேட்பாரில்லை. முதலாளி அழவுமில்லை, ஆலையை இழுத்துப் பிடிக்கவுமில்லை. வைக்கோல் வெட்டும் பெண்களுக்கு எண்ணெய் ஆலைகளில் வேலை பிடித்துக்கொடுத்த பிறகுதான் அடுப்பை அணைத்தார். என் பள்ளிக்கூடமும் கொழும்புக்குத் திரும்பியது. நான் பழையபடி கரும்பலகைக்குப் போனேன். மை செய்யும் பாடம் வந்தால் பிள்ளைகளுக்கு விளங்காத ஒரு சிரிப்பு எனக்கு வரும்.

முதலாளி புறக்கோட்டையில் கடதாசிக் கடை திறந்தார். ஒரு சனிக்கிழமை பள்ளிக்கூடத்துக்குத் தாள் வாங்கப் போனேன். கடைக்குப் பின்னால், வெள்ளைச் சட்டை போட்டு, தாள் வெட்டும் பொறியின் முன்னால் நின்றுகொண்டிருந்தவர் எஞ்சின்காரர்.

"தோட்டத்துக்குப் போறன்னு சொன்னார். நான் விடல்ல" என்றார் முதலாளி. "இப்ப என்ன கேக்கிறார் தெரியுமா? இந்தப் பொறிக்கு ஒரு எஞ்சின் பூட்டித் தரட்டாம். கையால வெட்டினா அவருக்கு நித்திர வருதாம்!"

"சும்மா கேட்டு வச்சேங்க" என்று எஞ்சின்காரர் தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "சின்ன எஞ்சின் போதும்!"

பூட்டுங்களேன் என்று நானும் அவர் பக்கம் சேர்ந்து சொன்னேன். முதலாளி தலையில் கைவைத்துக்கொண்டு பையனைத் தேத்தண்ணீருக்கு அனுப்பினார். எஞ்சின் எங்கே வைப்பது, புகையை எந்தப் பக்கம் விடுவது, பக்கத்துக் கடைக்காரர் சண்டைக்கு வருவாரா என்று மூன்று பேருமாக உட்கார்ந்து கதைக்கத் தொடங்கினோம். வாங்க வந்த தாளை மறந்துவிட்டு நான் கடைசி ரயிலைத்தான் பிடித்தேன்.